பூஜைக்கு நிறுத்திய மோட்டார்

கட்டடப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்னைப் பேசக் கூப்பிட்டவர் போனில் சொன்னது, "சார், நீங்க சமாளிச்ச கதையா ரெண்டு சொல்லுங்க, பசங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றுதான். சமாளித்த கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்டு உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. மழை பெய்தது, மோட்டார் ஓடியது, தண்ணீர் வெளியே போனது. இதில் கதை எங்கே இருக்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் சம்ப் என்றால் லாரித் தண்ணீரை நிரப்பி வைக்கும் தொட்டிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் பேசப்போவது கடைகளின் பேஸ்மென்ட்டில், தரைக்கும் கீழே இருக்கிற குழியைப் பற்றி. சுவரில் கசிகிற ஊற்று, படி வழியே இறங்கி வரும் மழைத் தண்ணீர் எல்லாம் அதில் போய் விழும். அதற்குள் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும், மோட்டார் தானே ஓடித் தண்ணீரைத் தெருக் கால்வாய்க்குத் தள்ளிவிடும். தொழில்நுட்பம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மனுஷர்கள் சம்பந்தப்பட்ட விஷயம்.

மோட்டார் செய்கிற கூத்துகளைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அடையாறில் ஒரு ஓட்டலில் குழி மோட்டார் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் மட்டும் இறங்கவே இல்லை. போய்ப் பார்த்தால், வெளியே விட்ட குழாயின் வாய் தெரு வெள்ளத்துக்குள் முங்கிக் கிடக்கிறது. தள்ளிய தண்ணீரே சமையலறை வாசல் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஓட்டல்காரர், "மோட்டார் நல்லாத்தான் சார் உழைக்குது" என்றார். உழைத்தது, பாவம். இந்த மாதிரிக் கதைகளுக்கு நானும் சிரிப்பேன். நான் சிரிக்க முடியாத ஒன்றைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நான் மெயின்டனன்ஸ் இன்சார்ஜாக இருந்தேன். கடைக்குச் சொந்தக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்போம். கீழே பேஸ்மென்ட்டில் ஜாக்கெட் தைக்கிற பிரிவு. மேலே பட்டுப்புடவை எடுத்தவர்கள், ஜாக்கெட் துணியையும் அங்கேயே கொடுத்துவிட்டுப் போவார்கள், அது தைக்கக் கீழே வரும். அந்தப் பிரிவை நடத்தியவர் பிலோமினா. சாந்தோம்காரர், மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. கடை முழுக்க அவரைப் பிலோ அக்கா என்றுதான் கூப்பிடும். நான் பிலோமினாம்மா என்பேன். தையல் வேலை மொத்தமும் அவர் பொறுப்பு. துணிக்கு ஏதாவது ஆனால் அண்ணாச்சி அவரைத்தான் கேட்பார். அவருக்கும் அவரோடு தைக்கிற பெண்களுக்கும் அந்த பேஸ்மென்ட்தான் பிழைப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடையில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பூஜை நாளில் எல்லா மெஷினும் ஓய்வெடுக்க வேண்டும், மறுநாள் விஜயதசமியன்று காலையில்தான் அண்ணாச்சி கையால் திரும்ப ஓட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தீபாவளி வியாபாரம் ஆரம்பித்திருக்கும் சமயம். லிஃப்ட்டை நிறுத்த முடியுமா? ஏசியை நிறுத்த முடியுமா? பில் போடும் மெஷினை நிறுத்தினால் அண்ணாச்சியே அலறுவார். அதனால் வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மெஷினுக்கெல்லாம் பொட்டு மட்டும் வைத்துவிட்டு, கண்ணில் படாத மெஷினுக்கு முழு ஓய்வு கொடுப்போம். கண்ணில் படாதவை எவை? கீழே இருக்கிற தையல் மெஷின்களும் குழி மோட்டாரும். சாமிக்குச் சொன்ன வாக்கும் தவறவில்லை, வியாபாரமும் கெடவில்லை. இப்படி ஒரு சமரசம் நம் ஊரைத் தவிர வேறெங்கே நடக்கும்?

அந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாளே நல்ல மழை. குழி மோட்டார் நின்று நின்று ஓடாமல் ஒரே மூச்சாக ஓடிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மண் குடித்து முடித்துவிட்டது, இனிமேல் விழுகிறதெல்லாம் குழிக்குத்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை.

பூஜையன்று காலையில் கீழே எல்லாரும் கூடினோம். நான் இறங்கிப் போவதற்குள் தையல் மேஜைகளைச் சுத்தமாகத் துடைத்து, மேலே மெஷின்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், கதம்பம் எல்லாம் வைத்தாகியிருந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. மெஷின்களுக்கு நடுவே தைக்க வேண்டிய துணிப் பைகளும் கிடந்தன. "இதெல்லாம் எடுத்துத் தரையில வைங்கப்பா, மேஜைல மெஷின் மட்டும் இருக்கட்டும்" என்று சொன்னது நான்தான். பிறகு குழி மோட்டாரின் ஸ்விட்ச் பெட்டிக்குப் நானே பொட்டு வைத்துப் பூச்சரம் கட்டினேன், வயர்மேன் பாபு ஸ்விட்சை அணைத்தான்.

பிலோமினா என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"சார், வானம் இருட்டிக்கினு கீது. மோட்டார நாளைக்கு வரிக்கும் நிறுத்தி வச்சா தண்ணி ஏறிடாதா? கஸ்டமர் துணியெல்லாம் கீழ கீது."

கேட்டது சரியான கேள்வி. அதற்கு ஒரே பதில், "ஆமாம்மா, பாபு, ஸ்விட்சைப் போடு" என்பதுதான். ஆனால் அண்ணாச்சி கைகூப்பிக்கொண்டு முன்னால் நிற்கிறார். அவருடைய வீட்டார் நிற்கிறார்கள். ஐயர் கற்பூரத்தை ஏற்றப்போகிறார். நல்ல நாளும் அதுவுமாகத் தண்ணீர் ஏறும், துணி கெடும் என்று யார் வாயிலும் வரக்கூடாது இல்லையா? அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்கு நான் அப்படியே குழைந்துவிட்டேன். அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"இது எங்க வழக்கம்மா. உங்களுக்குப் புரியாது. பூஜை நேரத்துல அச்சானியமா பேசாதீங்க."

நாலு பேர் தலையாட்டினார்கள். பிலோமினாவின் முகம் சிவந்துபோயிற்று. "சரி சார்" என்றார். இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

இதில் ஒரு கேவலத்தைக் கேளுங்கள். நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. என் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரைக்கூடத் துடைத்ததில்லை, என் மனைவிதான் பொட்டு வைப்பாள். அந்த வழக்கத்தில் எனக்கே நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இருந்து சொல்லியிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். முதலாளி முன்னால் நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, சரியான ஒரு கேள்வியை அந்த அம்மாவின் மதத்தை வைத்து அடைத்தேன். சே. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பூஜை முடிந்து பிலோமினாவும் தையல்காரப் பெண்களும் பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மத்தியானம் மழை பிடித்தது. எங்கள் கடைத் தெருவில் கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். அந்தத் துண்டுகளும் வாழை இலையும் பூவும் போய்க் கால்வாய் மூடியில் அடைத்துக்கொண்டு தெருத் தண்ணீர் வடியவில்லை. கடைக்குள்ளே ஒரே கூட்டம். கீழே போக யாருக்கும் வேலை இல்லை, அங்கே எல்லாமே ஓய்வில் இருந்தன அல்லவா? சாயங்காலம் லிஃப்ட் நின்றபோதுதான் பாபு என்னவென்று பார்க்கப் படியிறங்கினான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"சார், கீழ தண்ணி சார்! முட்டிக்கால் வரிக்கும் நிக்குது. நான் ஓடிப்போய் சுச்ச போட்டுட்டு வந்துடறேன், ஒரே நிமிசம்."

மோட்டாரின் ஸ்விட்ச் பெட்டி பேஸ்மென்ட்டின் கோடியில் இருந்தது. வழியெல்லாம் தையல் மெஷின்களுக்கான பிளக் பாயின்ட்டுகள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தண்ணீருக்குள். அந்தத் தண்ணீரில் மின்சாரம் இருக்குமா இருக்காதா என்று யாரால் சொல்ல முடியும்? "கால வச்சே, தோலை உரிச்சிடுவேன். மேல போய் பேஸ்மென்ட் மெயினை இறக்குடா" என்று கத்தினேன். மெயினை இறக்கினால் குழி மோட்டாருக்கும் மின்சாரம் கிடையாது, தண்ணீர் இன்னும் ஏறும். ஏறினால் ஏறட்டும் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. இதற்கு நீங்கள் கை தட்ட வேண்டாம். இந்த வேலையில் இருக்கிற எவனும் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் வாடகைக்கு டீசல் பம்ப் கிடைக்கும். போனில் சொன்னேன், அவர்களும் பம்பை உடனே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆனால் சப்வேயில் தண்ணீர் நின்று, வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அதற்குள் சாந்தோமிலிருந்து பிலோமினா ஆட்டோவில் வந்துவிட்டார். நான் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல எனக்கு முகம் இல்லை, பாபுதான் போன் செய்திருக்கிறான். நனைந்துபோய் வந்து நின்றவர் என்னைப் பார்த்துவிட்டு, பாபுவிடம்தான் கேட்டார்: "கரண்ட்ட நிறுத்திட்டியாடா?" அவன் தலையாட்டினான். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் பாபுவும் டார்ச்சோடு பின்னால் போனோம்.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது மேஜைமேல் இருந்த மெஷின்கள்தான். ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், பொட்டும் பூவுமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. துணிப் பைகள் தண்ணீருக்குள் இருந்தன. பிலோமினா குனிந்து ஒவ்வொரு பையாகத் தடவித் தடவி எடுத்தார், நாங்கள் வாங்கி வாங்கி மேலே கொண்டுபோனோம். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பம்ப் வந்து ஓட ஆரம்பித்ததும், பூஜைப் பூக்கள் போய்க் குழாய் வாயில் அடைத்துக்கொண்டன. பாபு தண்ணீருக்குள் கையை விட்டுப் பிடுங்கிப் போடுவான், பம்ப் கொஞ்சம் இழுக்கும், திரும்ப அடைக்கும். காலையில் அந்தப் பூவை ஸ்விட்ச் பெட்டிக்குக் கட்டி அழகு பார்த்தவன் நான்.

நிறைய துணிகள் அலசிக் காயப்போட்டதில் தப்பித்தன. ஒன்று தப்பவில்லை. மயிலாப்பூரில் ஒரு கல்யாண வீடு, பெண்ணின் கூறைப் புடவையோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணி. வேறொரு துணியின் சாயம் அதில் இறங்கி, ஜரிகையோரம் முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டது. அதே நிறத்தில், அதே ஜரிகையில் வேறு துணி கிடைக்காது. கல்யாணம் அடுத்த முகூர்த்தத்தில்.

மறுநாள் பெண்ணின் அம்மாவே வந்துவிட்டார். துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அழுகிற நிலைக்குப் போய்விட்டார்.

"ஆத்துல கல்யாணத்த வச்சுண்டு நான் இப்ப எங்க போவேன்? பொண்ணு மனசு என்ன பாடு படும்? யார் சார் இதுக்குப் பதில் சொல்றது?"

அண்ணாச்சி அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "மன்னிச்சிருங்கம்மா. கீழ தைக்கிற அம்மா கிறிஸ்டியன். அவங்களுக்கு நம்ம பூஜை வழக்கமெல்லாம் புரியாதுல்லா, பைய எடுத்துத் தரையில வச்சிட்டாவ. நான் வேற ஆள் போட்டுருதேன்."

அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பைகளைத் தரையில் வைக்கச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாது. முந்தின நாள் காலையில் அவர் காதில் விழுந்த என் வாக்கியம்தான் அவருக்குத் தெரியும். நான் சொன்ன சொல்லே என் முதலாளியின் வாய் வழியாகத் திரும்பி வந்து, பிலோமினாவின் வேலையைக் கேட்டுக்கொண்டு நின்றது. பிலோமினா அங்கேயே நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, பைய தரையில வைக்கச் சொன்னது நான்" என்றேன். "மோட்டார நிறுத்த வேணாம்னு அவங்க கேட்டாங்க. வாய மூடச் சொன்னதும் நான்தான். ஆள மாத்தணும்னா என்னை மாத்துங்க."

இதைச் சொல்லும்போது என் குரல் கம்பீரமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இத நேத்தே சொல்லியிருந்தா என்னவே? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்றார். அவரிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். அவரிடம் சொல்லியே பார்க்காமல், அவருக்குப் பயந்ததாக நானே ஒரு சாக்கை உண்டாக்கிக்கொண்டிருக்கிறேன்.

பிலோமினா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, அந்த அம்மாவிடம் போய்ப் பேசினார். "அம்மா, புடவைய கொண்டாங்க. உள்ள சொருவுற முனைலேந்து துணி எடுத்து அதுலயே தச்சுத் தரேன். கட்டினா வெளிய தெரியாது."

"கூறைப் புடவைல கத்தரி வைக்கறதா?" என்று அந்த அம்மா பதறினார். பிறகு பிலோமினாவின் முகத்தைப் பார்த்தார். "சரி. என் கண் முன்னாடியே வெட்டும்மா. நல்ல வார்த்த சொல்லிண்டு வெட்டு" என்றார். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டு கத்தரியை எடுத்தார். ஜாக்கெட் அருமையாக வந்தது. கல்யாணமும் நடந்தது. பிலோமினாவின் வேலையும் நிலைத்தது. என்னையும் அண்ணாச்சி அனுப்பவில்லை.

இங்கேயே முடித்துக்கொண்டால் இது சமாளித்த கதை மாதிரி ஆகிவிடும். இல்லை.

அந்த வாரம் பேஸ்மென்ட் தரையில் படிந்திருந்த சேற்றைப் பிலோமினா தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய், "மன்னிச்சிடுங்கம்மா, உங்க பேச்ச கேட்டிருக்கணும்" என்றேன். அவர் துடைப்பத்தை நிறுத்தினார்.

"தண்ணி வந்ததுக்கு நான் கோச்சிக்கல சார். மழன்னா வரத்தான் வரும். 'எங்க வழக்கம், உங்களுக்குப் புரியாது'ன்னீங்களே, அதான் சார். ஒவ்வொரு வருசமும் பூஜையன்னைக்கு விடியக்காலைல வந்து இந்த எடத்தக் கழுவி உட்டுக் கோலம் போடறது யாருன்னு நினைச்சீங்க? மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சது யாரு? நான்தான் சார்."

எனக்கு அது தெரியாது. கற்பூரம் ஏற்றுகிற நேரத்துக்கு இறங்கி வந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொரியை வாங்கிக்கொண்டு ஏறிப் போகிறவன் நான். காலுக்குக் கீழே இருக்கும் கோலத்தைக்கூடப் பார்த்ததில்லை. "தெரியாதும்மா" என்றேன். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நான் செய்த மாற்றங்களை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஸ்விட்ச் பெட்டியை மேல் தளத்துக்கு ஏற்றினேன். கூட ஒரு மோட்டார் வைத்தேன். தண்ணீர் ஏறினால் அலறுகிற மணி வைத்தேன். அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குக் குழி மோட்டார் ஓடிக்கொண்டே பொட்டு வாங்கிக்கொண்டது, அண்ணாச்சி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. இதெல்லாம் சுலபம். வாங்கி மாட்டினால் முடிந்துபோகிற வேலை.

ஆனால் பிலோமினா என்னிடம் அதற்குப் பிறகு எதையும் சொல்லவில்லை. முன்பெல்லாம் தினமும் ஏதாவது சொல்வார். "சார், அந்தச் சொவுரு ஊறுது", "சார், மோட்டார் சத்தம் வேற மாதிரி வருது" என்று நச்சரிப்பார், எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். அது நின்றுவிட்டது. ஒரு நாள் பாபு நாலாவது மாடியிலிருந்து ஓடி வந்து, "சார், கீழ அயர்ன் பாக்ஸ் பிளக்குல கருகுற வாடை வருதாம், பிலோ அக்கா போன் பண்ணுச்சு" என்றான். நான் அப்போது பேஸ்மென்ட் படியில்தான் நின்றுகொண்டிருந்தேன், அவருடைய மேஜையிலிருந்து கூப்பிடு தூரத்தில். "என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றதற்கு, "உங்களுக்கு வேல இருக்கும் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

நீங்கள் போகிற கட்டடங்களில் உங்களைவிட அந்த இடத்தில் அதிக நேரம் இருக்கிறவர்கள் பெருக்குகிறவர்களும் தைக்கிறவர்களும் காவலுக்கு நிற்கிறவர்களும்தான். ஏதாவது கெட்டுப்போவதற்கு முன்னால் அது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் வந்து சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். நாள் நல்லதா கெட்டதா என்று பார்க்காதீர்கள். நான் பார்த்தேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று மேலே எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அண்ணாச்சி, "இவர் இருந்த வரைக்கும் நம்ம கடைக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்ல" என்று மைக்கில் கிண்டலாகச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது முடிந்ததும் கீழே போனேன். பிலோமினா தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, "நல்லா இருங்க சார்" என்றார்.

"போறதுக்கு முன்னாடி கேக்கறேன்மா" என்றேன். "இங்க ஏதாச்சும் ரிப்பேர் இருக்கா? இருந்தா சொல்லுங்க, முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நல்லா கீது."

அவர் தலைக்கு மேலே டியூப்லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.